முந்நூறு அடி மலை

பனிச்சறுக்குப் பந்தயத்துக்குப் பெயர் போன ஊர்கள் எவை என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் ஆஸ்திரியாவிலுள்ள கிட்ஸ்பூலைச் சொல்வார்கள். ஸ்விட்ஸர்லாந்திலுள்ள வெங்கனைச் சொல்வார்கள். எல்லாம் ஆல்ப்ஸ் மலையின் மடியிலே கிடக்கும் ஊர்கள். அண்ணாந்து பார்த்தால் தலைப்பாகை கீழே விழுந்துவிடும் என்னும்படியான சிகரங்களுக்கு நடுவே இருப்பவை. அந்த ஜாபிதாவில் பர்ன்ஸ்வில் என்ற பெயரையும் சேர்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

பர்ன்ஸ்வில் இருப்பது அமெரிக்காவில், மின்னஸோட்டா மாகாணத்தில். சோள வயல்களும் ஏரிகளும் நிறைந்த அந்தப் பிரதேசம் பெரும்பாலும் தோசைக் கல்லைப் போலத் தட்டையானது. மினியாபொலிஸ் நகரத்திலிருந்து தெற்கே சுமார் அரை மணி நேரம் மோட்டாரில் போனால், 35-ம் நம்பர் நெடுஞ்சாலையின் ஓரத்திலே ஒரு மேடு தென்படுகிறது. அதற்கு 'பக் ஹில்', அதாவது கலைமான் குன்று என்று பெயர். அடிவாரத்திலிருந்து உச்சி வரையில் அதன் உயரம் 310 அடி. நம் திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 273 அடி. உச்சிப் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டு இன்னும் சில படிகள் ஏறினால் எவ்வளவோ, அவ்வளவுதான் அந்த மலை. 1954-ம் வருஷம் சக் ஸ்டோன் என்பவரும் நான்ஸி காம்பெல் என்ற பெண்மணியும் சேர்ந்து அதைச் சறுக்கு விளையாட்டுக்கென்று திறந்தார்கள். ஊரார் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் உருண்டு புரண்டு விளையாடட்டும் என்பதற்கு மேல் அதனிடம் யாரும் எதுவும் எதிர்பார்த்திருக்க முடியாது.

ஆனால் அந்த மேட்டில் சறுக்கிப் பழகிய குழந்தைகளின் கதையைக் கேளுங்கள். கிறிஸ்டினா காஸ்னிக் என்ற பெண் 1998, 2002, 2006 ஆகிய மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் அமெரிக்காவின் சார்பாகக் கலந்துகொண்டாள். லிண்ட்ஸி வான் என்ற பெண் 2010-ல் வான்கூவர் ஒலிம்பிக்கில், மலைச்சரிவில் நேராகப் பாயும் வேகப் பந்தயத்தில் தங்கப் பதக்கம் பெற்றாள். 2019-ல் அவள் ஓய்வு பெற்ற சமயத்தில் அவளுடைய உலகக் கோப்பை வெற்றிகள் 82. அதுவரையில் எந்தப் பெண்ணும் அத்தனை வெற்றி பெற்றதில்லை. பாலா மோல்ட்ஸன் என்பவள் 2025-ல் ஆஸ்திரியாவின் ஸால்பாக்கில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கினாள். மூவரும் இந்த முந்நூறு அடி மேட்டின் பிள்ளைகள்.

இது எப்படி நேர்ந்தது? சிகரங்களின் அடியிலே பிறந்து வளர்ந்த ஐரோப்பியக் குழந்தைகளை, சமவெளியிலே பிறந்த குழந்தைகள் வென்றது எவ்வாறு? நான் பள்ளிக்கூடத்து உபாத்தியாயன். பிள்ளைகள் ஒரு வித்தையை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பார்ப்பதே என் ஜீவனோபாயம். ஆகையால், 2023-ம் வருஷக் கடைசியில் மினியாபொலிஸிலுள்ள என் தங்கை வீட்டுக்குப் போக வாய்ப்புக் கிடைத்தபோது, ஊரிலுள்ள மற்ற காட்சிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு இந்தக் கேள்விக்கு விடை தேடுவதென்று வைத்துக்கொண்டேன். அதற்கு வசதியும் இருந்தது. தங்கையின் பெண்ணுக்குப் பதினோரு பிராயம். அவள் அந்தக் குன்றிலுள்ள பந்தயச் சங்கத்தில் இரண்டு வருஷமாகச் சேர்ந்திருந்தாள்.

சங்கம் என்றதும் கட்டடம், தலைவர், காரியதரிசி, ஆண்டு விழா, மாலை மரியாதை என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டதும் குழந்தைகள் வருகிறார்கள். மின்னஸோட்டாவில் குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். குன்று முழுவதும் மின்சார விளக்குகள் எரிகின்றன. மரத்தாலான ஒரு கூடத்தில் பெஞ்சுகள் போட்டிருக்கின்றன. அவற்றின் மேல் பைகளும் மேலங்கிகளும் மலை மலையாகக் குவிந்து கிடக்கின்றன. எட்டு வயதுப் பையன் ஒருவன் இரும்பைப் போன்ற பிளாஸ்டிக் பூட்ஸுக்குள் காலை நுழைக்க முடியாமல் அழுதுகொண்டே கேக் தின்கிறான். அவனுடைய தகப்பனார் மண்டியிட்டு அந்தப் பூட்ஸின் கொக்கிகளைப் பூட்டுகிறார். பிறகு எல்லோரும் தலைக்கவசமும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்கள். ஜனவரி மாதத்தில் சில நாள் பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே போய்விடுமாம். அப்போதும் பயிற்சி நிற்பதில்லை என்று தங்கை சொன்னாள். கன்னத்தில் தோல் தெரியும் இடத்திலெல்லாம் பசைத் துணியை ஒட்டி அனுப்புவார்களாம்.

நான் வேலியோரமாக நின்றுகொண்டு, முதல் நாள் மாலை சுமார் இரண்டு மணி நேரம் பார்த்தேன். என் கண்ணில் முதலில் பட்டது மலையும் அல்ல, பனியும் அல்ல, ஒரு கயிறு.

நம் ஊரில் கிணற்றுக் கயிறு இருக்கிறதல்லவா, அந்தத் தடிமனுள்ள கயிறு. அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் போய், அங்கே ஒரு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி கீழே வருகிறது. ஒரு யந்திரம் அதை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. குழந்தைகள் ஓடுகிற கயிற்றைக் கையுறை போட்ட கையால் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். காலில் பூட்டிய ஸ்கீ மட்டைகள் பனியின் மேல் வழுக்க, கயிறு அவர்களை விறுவிறு என்று மேலே இழுத்துக்கொண்டு போகிறது. உச்சியில் கையை விட்டுவிட்டு ஒரு திரும்பு திரும்பினால் பந்தயத் தடம் எதிரிலே நிற்கிறது. சர்ரென்று இறங்குகிறார்கள், அரை நிமிஷத்துக்குள் கீழே வந்து சேருகிறார்கள், மறுபடி கயிறு. பெரிய மலைகளில் மனிதர்களை உட்காரவைத்துத் தூக்கிப் போகும் நாற்காலி ஏற்றங்கள் உண்டு. அவற்றில் ஏறி உச்சிக்குப் போய்ச் சேரவே பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் ஆகும். இங்கேயோ மூச்சு வாங்குவதற்குக்கூட நேரமில்லை. தங்கையின் பெண் அன்று மாலை எத்தனை தடவை இறங்கினாள் என்று விரல் விட்டு எண்ணினேன். முப்பத்தொன்று. அந்த இரண்டு மணி நேரத்தில் ஆல்ப்ஸ் மலைக் குழந்தைக்கு எட்டுத் தடவை கிடைத்தால் அதிருஷ்டம்.

சங்கீதம் கற்றுக்கொள்ளும் வீடுகளில் விடியற்காலையில் ஸரளி வரிசை கேட்டிருக்கிறோம். அதே ஏழு ஸ்வரங்கள். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். கேட்பவர்களுக்குத் தலைவலி, ஆனால் குரல் அங்கேதான் உருவாகிறது. அந்த முந்நூறு அடி மேட்டிலே நடப்பதும் ஸரளி வரிசைதான். பெரிய மலை கச்சேரி மேடை. மேடையிலேயே குடியிருப்பவனுக்குச் சில சமயம் ஸாதகம் செய்ய நேரம் கிடைப்பதில்லை.

இந்த இரகசியத்தைக் கண்டுகொண்டவர் ஒரு கிழவர். எரிக் ஸைலர் என்று பெயர். ஆஸ்திரியாவில் டிரோல் பிரதேசத்தைச் சேர்ந்த டெல்ஃப்ஸ் என்ற ஊரில் 1925-ல் பிறந்தவர். அமெரிக்காவுக்கு வந்து, 1950-களில் ஆரிகன் மாகாணத்து ஹுட் மலையில் கோடைக் காலத்திலும் கரையாத பனியில் பிள்ளைகளுக்குப் பந்தயப் பயிற்சி முகாம்கள் நடத்தினார். பிறகு 1960-களின் கடைசியில் பக் ஹில்லுக்கு வந்து சேர்ந்தார். ஆல்ப்ஸ் மலையைப் பார்த்து வளர்ந்த மனிதர் இந்த மேட்டைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். அவர் போகவில்லை, பல பத்து வருஷங்கள் அங்கேயே நின்றுகொண்டு கற்றுக்கொடுத்தார். லிண்ட்ஸி வானுடைய தகப்பனாரும் இளமையில் அவரிடம் பயின்றவர்தான். பிறகு மகளையும் அவரிடமே கொண்டுவந்து விட்டார். இரண்டு தலைமுறைக்குப் பாடம் சொன்ன வாத்தியாரை நம் ஊர்களில் நாம் கண்டிருக்கிறோம். ஸைலர் 2025-ம் வருஷம், தம் 99-ம் வயதில் காலமானார்.

இந்தப் பந்தயத்தின் இலட்சணத்தைக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். குழந்தைகள் இங்கே அதிகமாகப் பழகுவது 'ஸ்லாலம்' என்ற வகை. சரிவிலே சிவப்பும் நீலமுமாகக் கம்பங்களை மாற்றி மாற்றி நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு வாயில். பந்தயக்காரன் எல்லா வாயில்களுக்குள்ளும் வளைந்து வளைந்து போக வேண்டும். இரண்டு பாதங்களும் வாயிலுக்குள் நுழைந்தாக வேண்டும். ஒரு வாயில் தப்பினாலும் அந்த ஓட்டம் கணக்கில் இல்லை. கம்பங்கள் அடியில் கீல் வைத்தவை. அடித்தால் சாய்ந்து மறுபடி நிமிர்ந்துகொள்ளும். ஆகவே தேர்ந்த பிள்ளைகள் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போவதில்லை. முழங்காலுக்குக் கீழே கட்டிய தகட்டாலும் முஷ்டியாலும் அதை அடித்துத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். பட், பட், பட்டென்று அந்தச் சத்தம் இராத்திரி எட்டு மணி வரைக்கும் குன்றில் கேட்டுக்கொண்டே இருக்கும். காலத்தை ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு வரையில் கணக்கிடுகிறார்கள். இரண்டு ஓட்டங்களின் காலத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் வெற்றி தோல்வி.

இதிலே நமக்கு ஒரு சம்பந்தம் இருக்கிறது. ஸ்லாலம் என்பது நார்வே தேசத்துச் சொல். ஆனால் இன்று உலகெங்கும் நடக்கும் முறையிலே, கொடிகளை நட்டு, அழகுக்கு மார்க்குப் போடாமல் காலத்தை மட்டும் கணக்கிட்டு, அதை ஒரு பந்தயமாக்கியவர் ஆர்னால்ட் லன் என்ற ஆங்கிலேயர். 1922-ம் வருஷம், ஸ்விட்ஸர்லாந்தில் மூரன் என்ற மலைக் கிராமத்தில் அதை நடத்தினார். அந்த மனிதர் பிறந்தது எங்கே தெரியுமா? நம் சென்னைப் பட்டணத்தில், 1888-ல்! அவருடைய தகப்பனார் பாதிரியாராக இங்கே வந்திருந்தவர். சித்திரை மாதத்து வெயிலிலே சென்னையில் கண் விழித்த குழந்தை, பனிச்சறுக்குப் பந்தயத்துக்குச் சட்டம் வகுத்தது என்பதை நினைத்தால் வேடிக்கையாக இல்லையா? அவர் 1924-ல் மூரனில் ஸ்தாபித்த சங்கத்துக்குக் 'காந்தஹார்' என்று பெயர். ஆப்கானியரோடு யுத்தம் செய்து அந்த ஊர்ப் பெயரைப் பட்டமாகச் சூட்டிக்கொண்ட ராபர்ட்ஸ் பிரபு, 1911-ல் ஒரு சறுக்குப் பந்தயத்துக்குக் கோப்பை வழங்கியிருந்தார். அதிலிருந்து வந்த பெயர். ஏகாதிபத்தியம் எங்கெங்கே எல்லாம் தன் விலாசத்தை எழுதிவிட்டுப் போயிருக்கிறது, பாருங்கள்! ஆல்ப்ஸ் மலைப் பனியைக்கூட விட்டுவைக்கவில்லை.

இனி, பக் ஹில்லின் குறையையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கான உலகக் கோப்பை ஸ்லாலம் நடத்த வேண்டுமானால், தொடக்கத்திலிருந்து முடிவு வரை குறைந்தபட்சம் 140 மீட்டர் இறக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. பக் ஹில்லில் இருப்பது 94 மீட்டர். வேகப் பந்தயத்துக்கோ 450 மீட்டர் வேண்டும். அதாவது, உலக வெற்றி வீராங்கனைகளை உண்டாக்கிய இந்த மலையில் உலகப் பந்தயம் ஒன்றுகூட நடத்த முடியாது! லிண்ட்ஸி வான் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்ந்து வெற்றி பெற்ற பந்தயங்களின் தடத்தில் இந்தக் குன்றை ஒன்றின் மேல் ஒன்றாக ஏழெட்டுத் தடவை அடுக்கி வைக்கலாம். ஆகையால் ஒரு வயதுக்கு மேல், வல்லமையுள்ள குழந்தை குன்றை விட்டுப் போயாக வேண்டியிருக்கிறது. லிண்ட்ஸி சிறுமியாக இருக்கும்போதே குடும்பத்தார் அவளை ஆயிரம் மைல் தூரத்திலுள்ள கொலராடோ மாகாணத்துக்கு, வெயில் என்ற மலையூருக்குக் கொண்டுபோனார்கள். 1999-ல் இத்தாலியில் சிறுவர் சிறுமியருக்காக நடக்கும் 'டோபோலினோ' பந்தயத்தின் ஸ்லாலத்தில் அவள் முதலாவதாக வந்தாள். டோபோலினோ என்றால் இத்தாலியர்கள் மிக்கி எலிக்கு வைத்திருக்கும் பெயர். எலியின் பெயரால் நடந்தாலும் அங்கே வந்து போட்டியிடுகிற பிள்ளைகள் புலிகள்.

ஒரு சனிக்கிழமை சங்கத்தில் பந்தயம் நடந்தது. பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளின் பந்தயம்தான். ஆனால் ஒலிம்பிக்குக்கு உள்ள அத்தனை விதிகளும் இதற்கும் உண்டு. காலையில் குழந்தைகளைத் தடத்தின் ஓரமாகப் பக்கவாட்டில் மெதுவாக வழுக்கிக்கொண்டே இறங்கிப் பார்க்க விடுகிறார்கள். எந்த வாயில் எந்தப் பக்கம், எங்கே சரிவு திடீரென்று செங்குத்தாகிறது என்பதையெல்லாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு உச்சியில் போய் நிற்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை இப்படியும் அப்படியும் அசைத்து, உதட்டால் முணுமுணுக்கிறார்கள். பரீட்சை அறை வாசலில் நிற்கும் என் பிள்ளைகளின் ஞாபகம் வந்தது. மனப்பாடம் செய்வது மடமை என்று இக்காலத்துக் கல்வி நிபுணர்கள் எத்தனையோ எழுதுகிறார்கள். அவர்களில் யாராவது ஒருவரைக் கொண்டுவந்து அந்த உச்சியில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பந்தயத்துக்கு வேண்டிய வேலையாட்கள் எல்லோரும் பெற்றோர்களே. கூலி கிடையாது. ஒரு தாயார் கடிகார யந்திரத்தின் பக்கத்தில். ஒரு பாட்டனார் கெட்டிப் பனியை மட்டம் செய்யும் மண்வெட்டியோடு. இன்னொருவர் குழந்தைகள் முதுகில் கட்டும் நம்பர்த் துணிகளை எண்ணிக்கொண்டு. தடத்தின் ஓரத்தில் ஐந்தாறு வாயில்களுக்கு ஒருவராக, வாயில் நடுவர்கள் நிற்கிறார்கள். கையிலே ஓர் அட்டை, ஒரு பென்ஸில். மை உறைந்துவிடும் என்பதால் பேனா இல்லை. யாராவது வாயில் தப்பினால் நம்பரை எழுதி, கால் போன வழியைக் கோடு கிழித்துக் காட்ட வேண்டும்.

எங்கள் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் புருஷர், அன்று வாயில் நடுவர். தங்கையின் பெண் முதல் ஓட்டத்தை நன்றாக முடித்தாள். இரண்டாவது ஓட்டத்தில் நடுத் தடத்தைத் தாண்டும்போது ஒரு கம்பம் அவளுடைய இரண்டு கால்களுக்கும் இடையிலே புகுந்து வெளியே வந்தது. கண் இமைக்கும் நேரம். கீழே நின்ற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் கையைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். முடிவுக் கோட்டைத் தாண்டிப் பலகையில் தன் காலத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினாள். அவளுடைய வகுப்பில் மூன்றாவது இடம் வரும் போலிருந்தது.

அந்த வாயில் மாப்பிள்ளையின் பங்கில் இருந்தது.

பந்தயம் முடிந்ததும் கூடத்திலே, தகுதி இழந்தவர்களின் ஜாபிதாவைச் சுவரில் ஒட்டுகிறார்கள். பந்தயக்காரனின் நம்பர், தப்பிய வாயில், பார்த்த நடுவரின் பெயர் மூன்றும் அதில் இருக்கும். ஆட்சேபணை சொல்வதற்குப் பதினைந்து நிமிஷம் அவகாசம். பெண் அதைப் போய்ப் படித்தாள். தன் நம்பரைப் பார்த்தாள். பக்கத்திலே தன் தகப்பனார் பெயரைப் பார்த்தாள். சங்கத்துப் பயிற்சியாளர் ஒருவர் அருகில் வந்து, ஆட்சேபணை செய்யப் போகிறாயா என்று மரியாதையாகக் கேட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் பூட்ஸைக் கழற்ற உட்கார்ந்தாள்.

திரும்பி வரும்போது வண்டியில் வெகு நேரம் யாரும் பேசவில்லை. கடைசியாகப் பின் ஆசனத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"அப்பா, எந்தக் கால்?"

"இடது கால் அம்மா."

"எவ்வளவு?"

"ஒரு ஜாண் இருக்கும்."

"சரி" என்றாள். சற்றுக் கழித்து, "அந்த இடத்தில் நான் சீக்கிரமாகத் திரும்பிவிட்டேன்" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் என் தங்கை மாப்பிள்ளையை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். "ஊரிலே இல்லாத நடுவர் இவர்! கண்ணை ஒரு விநாடி மூடிக்கொண்டால் குடி முழுகிப் போகுமா?" என்றாள். மாப்பிள்ளை பதில் சொல்லாமல் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, மட்டைகளுக்கு மெழுகு உருக்கித் தடவ உட்கார்ந்தார். அது அந்த வீட்டில் வாரம் இரண்டு நாள் நடக்கும் காரியம். மெழுகைத் தடவி, சுரண்டி, ஓரத்து இரும்பை அரத்தால் தீட்டி வைத்தால்தான் மறுநாள் மட்டை பேச்சுக் கேட்கும். நான் அவரிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இருபது வருஷமாக விடைத்தாள் திருத்துகிறவன். அவருடைய கை என்ன பாடு பட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

தங்கையின் கோபத்துக்கு அது மட்டும் காரணமல்ல. செலவு ஒரு பக்கம். குழந்தை வருஷத்துக்கு வருஷம் வளருகிறாள்; வருஷத்துக்கு வருஷம் புது மட்டை, புதுப் பூட்ஸ். ஸ்லாலத்துக்கு ஒரு ஜோடி, அகலமாக வளையும் பெரிய ஸ்லாலத்துக்கு வேறு ஜோடி. இலையுதிர் காலத்தில் பழைய சாமான்களைக் கைமாற்றிக்கொள்ளும் சந்தை ஒன்று நடப்பதால் நடுத்தரக் குடும்பங்கள் ஏதோ சமாளிக்கின்றன. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பெண்ணின் பரத நாட்டிய அரங்கேற்றத்துக்குக் கல்யாணம்போல் செலவழிப்பது உண்டு. "அதையாவது பத்துப் பேர் பார்ப்பார்கள், இதை யார் பார்க்கிறார்கள் அண்ணா?" என்று தங்கை என்னைக் கேட்டாள்.

இன்னொரு பக்கம் பயம். லிண்ட்ஸி வானின் வெற்றிகளை எண்ணுகிறவர்கள் அவளுடைய முழங்கால்களையும் எண்ண வேண்டும். 2013-ல் ஆஸ்திரியாவிலுள்ள ஷ்லாட்மிங்கில் விழுந்து வலது முழங்காலின் தசைநார்கள் அறுந்தன. அதற்குப் பிறகும் எத்தனையோ காயங்கள். கடைசியில் 2024-ல் அந்த முழங்காலின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு உலோகத்தை வைத்தார்கள். அதோடும் அவள் சும்மா இருக்கவில்லை. நாற்பதாவது வயதில் மறுபடி பந்தயத்துக்கு வந்து, 2025 மார்ச்சில் ஸன் வாலியில் இரண்டாவது இடம் பெற்றாள். இதைக் கேட்டுப் பெண்ணின் கண்கள் பிரகாசிக்கின்றன. தாயாரின் வயிறு கலங்குகிறது. இரண்டும் நியாயமே.

நான் தங்கைக்குச் சொன்னது பாலா மோல்ட்ஸனின் கதை. தேசிய அணியில் இடம் இழந்துவிட்ட அந்தப் பெண், வெர்மான்ட் சர்வகலாசாலையில் சேர்ந்து படித்தாள். அங்கேயே சறுக்கி, 2017-ல் கல்லூரிகளுக்கிடையிலான ஸ்லாலத்தில் முதலாவதாக வந்து, தேசிய அணிக்குத் திரும்பி, உலகப் பதக்கமும் வாங்கினாள். படிப்பும் பந்தயமும் சக்களத்திகளாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில்லை. ஆனாலும், 'பெண்ணை விடலாமா, நிறுத்தலாமா?' என்ற கேள்விக்கு நான் வாத்தியார் என்ற முறையில் ஒன்றும், மாமன் என்ற முறையில் வேறொன்றுமாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வேலியோரத்தில் நின்றபோது என் மனம் பல தடவை காச்மீரத்துக்குப் போய் வந்தது. குல்மார்க்கில் விஞ்ச் ரதம் ஏறுமிடம் கடல் மட்டத்துக்கு மேல் 2,650 மீட்டர். அது கொண்டுபோய்விடும் அப்ஹர்வத் மலைச்சரிவு ஏறக்குறைய 3,980 மீட்டர். பக் ஹில்லைப் போலப் பதினான்கு குன்றுகளை அந்த இறக்கத்தில் அடுக்கலாம். பகவான் நமக்குக் கொடுத்த மலைக்குக் குறைவில்லை. 1964-ல் இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் ஜெரமி புஜகோவ்ஸ்கி நம் தேசத்தின் பேரால் முதன்முதலாகச் சறுக்கினார். 2018-ல் மணாலிப் பக்கத்து ஆஞ்சல் தாக்கூர் துருக்கியில் ஒரு சர்வதேசப் பந்தயத்தில் வெண்கலம் வாங்கினாள். குல்மார்க்கைச் சேர்ந்த ஆரிஃப் கான் 2022-ல் பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போனார். 140 கோடி ஜனங்களிலிருந்து அவர் ஒருவரே! பெரிய ஸ்லாலத்தில் 45-வது இடம் பெற்றார். அதற்கு முந்தின ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறப் பிரயாணம் செய்யப் பணம் போதாமல் அவர் தவித்தது பத்திரிகைகளில் வந்த செய்தி. மலை இருக்கிறது, சளைக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டு, கயிற்றை ஓடவிட்டு, பென்ஸிலும் அட்டையுமாகக் குளிரில் நிற்கிற ஐம்பது பெற்றோர்கள் அல்லவா வேண்டும்? குல்மார்க்கில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஐம்பது பேருக்கு ஒரு கயிறு போட்டுக் கொடுக்க ஆகும் செலவு, நாம் ஒரு வரவேற்பு வளைவுக்குச் செலவழிப்பதைவிட எவ்வளவு அதிகமாகிவிடும்?

ஆனால், மின்னஸோட்டாக்காரர்களுக்கு இப்போது வேறொரு கவலை. நான் போயிருந்த குளிர்காலம் அந்த ஊரில் 1870-களில் பதிவேடுகள் தொடங்கியதிலிருந்து இல்லாத அளவுக்கு வெப்பமான குளிர்காலம் என்று பிறகு கணக்கிட்டுச் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் அன்று பனிக்குப் பதிலாக மழை பெய்தது. நெடுஞ்சாலையின் இருபுறமும் காய்ந்த பழுப்பு நிறப் புல். அதற்கு நடுவே குன்றின் மேல் மட்டும் வெள்ளை வேஷ்டியைக் காயப்போட்ட மாதிரி ஒரு பட்டை. அது வானத்திலிருந்து விழுந்த பனி அல்ல. குளிர் போதிய அளவு இறங்கும் இரவுகளில், தண்ணீரையும் அழுத்திய காற்றையும் சேர்த்துக் குழல்கள் வழியாகப் பீய்ச்சி அடிக்கிறார்கள். திவலைகள் கீழே விழுவதற்குள் உறைந்து பனியாகின்றன. அதற்கும் உறைநிலைக்குக் கீழே குளிர் வேண்டுமே! அந்த டிஸம்பரில் சங்கத்துப் பெரியவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதைப்போல் நாழிகைக்கு ஒரு தடவை உஷ்ணமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் தஞ்சாவூர் மிராசுதார்கள் ஆடி மாதத்தில் மேட்டூர் நீர்மட்டத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது போலத்தான்.

இதற்கு முன்னேற்பாடாகவே போலும், 2016-ல் குன்றின் ஒரு சரிவில் இத்தாலியில் செய்த பிளாஸ்டிக் விரிப்பைப் பதித்திருக்கிறார்கள். கோரைப்பாயின் மேல் ஆயிரக்கணக்கான சிறு முளைகளை நட்டது போலிருக்கும். மட்டை அதன் மேல் பனியில் போலவே வழுக்கும். கோடையில், தொண்ணூறு டிகிரி வெயிலில், அரைக்கை சட்டையோடு ஸ்லாலம் பழகலாம்.

நான் ஊருக்குத் திரும்பிய பிறகு ஜூலை மாதத்தில் பெண்ணிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தமிழில்தான் எழுதியிருந்தாள், ஒற்றெழுத்துக்கள் மட்டும் பந்தய வேகத்தில் பல இடங்களில் விடுபட்டிருந்தன. பிளாஸ்டிக் விரிப்பில் வாரம் மூன்று நாள் பயிற்சி நடக்கிறதாம். விழுந்தால் முழங்கை சிராய்த்துவிடுகிறதாம். அந்தச் சரிவில் 'இடது காலை' இப்போது நேரத்தோடு திருப்புகிறாளாம். கயிற்றைப் பிடித்துப் பிடித்துத் தோல் கையுறை இரண்டு ஜோடி கிழிந்துவிட்டதாம்; மூன்றாவது ஜோடியை அம்மாவே வாங்கிக் கொடுத்தாளாம்.